மேடு ஓரிடம், சேறு வேறிடம்

1

பம்பாய் எப்படி இருக்கிறது என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு புளித்துவிட்டது. இந்த முறை உள்ளதைச் சொல்கிறேன். நன்றாக இல்லை. இந்த நகரத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் இதைப் பிடிக்கவில்லை. வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தனம் நடத்துகிறோம். தங்கள் பிள்ளையை இங்கே அனுப்ப நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அனுப்பட்டும்.

இதை எழுத உட்கார வைத்தவள் என் மகள் நூர்ஜஹான். செம்பூரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள். திங்கட்கிழமை காலை சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நேரமாகுதுல்லா, ஏன் நிக்கே?" என்றாள் என் மனைவி ஆயிஷா.

"நஹி ஜானா." போக மாட்டேன் என்கிறாள். அழுகைகூட அவளுக்கு இந்தியில்தான் வருகிறது.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று டீச்சர் வரிசையாகக் கேட்டிருக்கிறார். சகதிக்கு இந்தியில் 'கீச்சட்' என்று சொல்ல இவளுக்கு வெட்கம். அதனால் வீட்டுச் சொல்லையே போட்டு, "மேரே வாப்பா சேறு கா பஹாட் தேக்தே ஹைன்" என்று சொல்லியிருக்கிறாள். என் வாப்பா சேற்று மலையைப் பார்க்கிறவர் என்று அர்த்தம். சேறு என்றது அவர்கள் காதில் 'ஷேர்' என்று விழுந்திருக்கிறது. ஷேர் என்றால் சிங்கம். உன் அப்பா சர்க்கஸ்காரரா என்று வகுப்பே சிரித்திருக்கிறது. மணி அடித்ததும் சுற்றி நின்று 'யண்டு குண்டு, யண்டு குண்டு' என்று கத்தியிருக்கிறார்கள். நாம் பேசும் பாஷை இங்குள்ளவர்களுக்கு அப்படித்தான் கேட்கிறதாம்.

"வாப்பா, சச் போலோ, ஆப் கா காம் க்யா ஹை?" என்று கேட்டாள். நிஜமாகச் சொல்லுங்கள், உங்கள் வேலைதான் என்ன?

அவளுக்கு இதை எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. எனவே உங்களுக்குச் சொல்கிறேன்.

2

என் பெயர் காதர் மைதீன். ஊர் மேலப்பாளையம். இங்கே எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'சர்நேம்' கேட்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ரேஷன் கார்டு எழுதிய குமாஸ்தா என் பெயருக்கு முன்னால் இருந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக் குடும்பப் பெயராக்கிவிட்டான். அதையே அலுவலகத்திலும் எழுதிக்கொண்டார்கள். மிஸ்டர் மேலப்பாளையம் என்று அழைத்து வாய் வலித்ததும் 'மேலா' என்று சுருக்கிக்கொண்டார்கள். மராத்தியில் 'மேலா' என்றால் 'செத்தான்' என்று அர்த்தம். இது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை நானே தொலைபேசியை எடுத்து "மேலா பேசுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை எனக்குச் சொன்னவன் சாவந்த். எனக்கு அடுத்த மேஜைக்காரன். மராட்டியன், என் வயதுதான். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். அதன்பிறகு அந்தப் பெயரை இன்னும் ருசித்துக் கூப்பிட்டான்.

நிலநடுக்கத்தைப் பதிவு செய்து ஆராய்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. பூமி எங்காவது அதிர்ந்தால் இரண்டு விதமான அலைகள் கிளம்புகின்றன. முன்னால் வருவது தள்ளிக்கொண்டு வரும் அலை. பின்னால் வருவது பக்கவாட்டில் உலுக்கும் அலை. பாறையில் இரண்டும் விரைந்து போகும். சேறும் நீருமாகக் குழைந்து கிடக்கும் இடத்தில் முதல் அலை தளர்ந்து தாமதமாக வரும். உலுக்கும் அலை பெரும்பாலும் வந்தே சேராது. பானையைத் தட்டிப் பார்த்து உள்ளே எதுவரை இருக்கிறது என்று சொல்வதில்லையா? அதே வித்தைதான். தட்டுவது மட்டும் நாம் இல்லை, எங்கோ தொலைவில் நடக்கும் நிலநடுக்கம்.

அந்தமானில் ஒரு தீவில் சேற்று எரிமலைகள் உண்டு. எரிமலை என்றதும் நெருப்பை நினைக்காதீர்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பிய சாம்பல்நிற மேடுகள். உச்சியில் குழம்பு கொதிப்பதுபோல் குளிர்ந்த சேறு குமிழிவிட்டு வழியும். என்றாவது ஒருநாள் சீறி மரங்களைச் சாய்த்துவிடும். அந்தச் சேறு பூமிக்கடியில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேடுகளைச் சுற்றிப் பல இடங்களில் பதிவுக்கருவிகளை வைத்தோம். எந்த இடத்தில் அலை தளர்ந்து வருகிறதோ அதற்கடியில் சேறு இருக்கிறது என்று கொள்ளலாம்.

இது வெறும் படிப்புக்காக இல்லை. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்கு அந்தத் தீவில் குடியிருப்பு அமைக்க சர்க்கார் நினைத்தது. மேடுகளுக்குக் கிழக்கே நல்ல சமவெளி. பக்கத்தில் ஓடை. நிலத்தை அளந்து கல்லும் நட்டாகிவிட்டது. அங்கே ஜனங்களைக் குடியேற்றலாமா என்பதுதான் கேள்வி.

கருவிகளை வைக்க என்னையும் சாவந்தையும் அனுப்பினார்கள். கப்பலிலும் கூடாரத்திலும் ஒருவன் மூச்சுக்காற்று மற்றவன் மேல் படும் தூரத்தில் இருந்தோம். அவன் தனியாகச் சமைத்தான், நான் தனியாகச் சமைத்தேன். கருவியில் சுற்றும் தாளை மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரி ஏற்ற வேண்டும். ஊசி அந்தக் கரியைக் கீறித்தான் அலையை எழுதும். அந்த வேலைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருநாள் தாளின் இரு முனையையும் இருவரும் பிடித்திருந்தபோது அவன் சொன்னான்:

"என் தம்பி பி.ஏ. படிச்சவன். டைப் தெரியும். இன்டர்வியூவுக்குப் போற இடமெல்லாம் உள்ளே ஒரு மதராஸி உட்கார்ந்திருக்கான், வெளியே பத்து மதராஸி நிக்கிறான். சொந்த ஊர்ல அவன் எங்க போவான்? நீங்க எல்லாரும் ரயிலேறிப் போனாத்தான் எங்களுக்கு விடிவு. உன் மூஞ்சிக்கு நேரே சொல்றேன்."

"நான் டைப் அடிக்க வரலை," என்றேன்.

"தாளை நேராப் பிடி," என்றான்.

3

எங்கள் மேலதிகாரி விசுவநாதன் தமிழர். அவருடைய அப்பா காலத்திலேயே மாட்டுங்காவில் குடியேறிய குடும்பம். அவர் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன்.

சேறு மேடுகளுக்கு நேர் அடியில், மேலாகவே, சிறு சிறு பைகளாக இருக்கிறது என்பது அவர் கொள்கை. அதை எழுதிப் பெயர் வாங்கியவர். நாங்கள் கருவிகளை வைப்பதற்கு முன்பே, கிழக்குச் சமவெளியால் ஆபத்தில்லை என்று டில்லிக்குச் சொல்லியும்விட்டார்.

தீவிலிருந்து தாள்கள் வரத் தொடங்கின. அங்கே ஒரு வனக்காவலர் தாளை மாற்றிக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். தெற்கே கடலுக்கடியில் எழுந்த நடுக்கங்கள் சில நன்றாகவே பதிவாகியிருந்தன. அவற்றை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். மேடுகளுக்கடியில் வந்த அலை ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. சமவெளியில் வைத்த கருவிகளில்தான் முதல் அலை பிந்தி வந்தது, உலுக்கும் அலை காணவே இல்லை. மேடு ஓரிடம், சேறு வேறிடம். அடியில் பெருந்தேக்கமாகக் கிடக்கும் சேறு பாறைப் பிளவு வழியாகச் சாய்வாக ஏறி மேட்டில் வந்து கொப்பளிக்கிறது. குடியிருப்புக்குக் கல் நட்டிருக்கும் இடம்தான் அதன் கூரை. பக்கத்தில் ஒரு பெரிய நடுக்கம் வந்தால் அந்தத் தரையே வாய் பிளக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு வரச் சொன்னார் விசுவநாதன்.

"வாங்கோ காதர், உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?"

அவருக்கு டவரா தம்ளரில் வந்தது. எனக்கு மட்டும் கண்ணாடித் தம்ளரில் வந்தது. குடித்தேன்.

"சமவெளியில வெச்ச அந்த ரெண்டு கருவியும் நொண்டி. கடிகாரம் சரியில்லே. அதுகளை விட்டுட்டு மிச்சத்தை வெச்சு எழுதுங்கோ," என்றார்.

"நொண்டின்னா ஒண்ணு முந்தணும், ஒண்ணு பிந்தணும் சார். ரெண்டும் எப்படி ஒரே பக்கமா நொண்டும்?"

அவர் முகம் மாறியது. "வெளில நெலமை தெரியறதோன்னோ? நம்மளை எல்லாம் மூட்டை கட்டச் சொல்றான். இந்த நேரத்துல நீங்களே என் தலையில மண்ணை அள்ளிப் போட்டா சாவந்த் மாதிரி ஆளுகளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. நமக்குள்ள ஒத்துமை வேண்டாமா?"

"அங்க குடிவரப்போறது ஜனங்க சார். பிள்ளைகுட்டியோட."

"உங்க வேலை இன்னும் டெம்பரரிதானே?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "கன்ஃபர்ம் பண்ண நான்தான் எழுதணும்."

கிளம்பும்போது அவர் என்னோடு வாசல்வரை வந்தார். பயந்திருந்தார் என்பது தெரிந்தது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர், வாழ்நாள் பேரைக் காப்பாற்றப் பார்த்தார். அது புரிந்தது. ஆனால் வடாலா தாண்டி ரயில் செம்பூர் வந்து சேரும்வரை அந்த அலைகளின் நேரங்களையே மறுபடி மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தேன்.

4

அந்த இரண்டு கருவிகளின் தாள்களை விட்டுவிட்டு எழுத நான் மறுத்தேன். அவர் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாத் தாள்களையும் மறுபடி படிக்கச் சொல்லிச் சாவந்திடம் கொடுத்தார். ஆபீசே கேட்கும்படி, "உங்களைப் பிடிக்காதவர் பார்த்தால்தான் பாரபட்சம் இருக்காது," என்று இங்கிலீஷில் சொன்னார். என்னை வெறுப்பவன் என் முடிவைத் தள்ளிவிடுவான் என்ற கணக்கு எல்லோருக்கும் விளங்கியது. தாள்கள் என் மேஜையிலிருந்து சாவந்த் மேஜைக்குப் போயின. நான் தொடக்கூடாது.

அதே வாரம் தாராவியில், மதராஸிகள் வெளியேற வேண்டும் என்று கோஷம் போட்டு வந்தவர்கள் என் மச்சான் சுலைமான் கடைப் பலகையையும் கண்ணாடியையும் உடைத்தார்கள். ஆயிஷாவுக்கு அண்ணன். தோல்பை தைக்கும் சிறு பட்டறை. பலகையில் தமிழ் இருந்ததுதான் குற்றம். போய்ப் பார்த்தபோது கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து பையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"போலீசுல சொன்னீங்களா?"

"சொன்னேன் மாப்ள. மராத்தியில எழுதிக் கொண்டாங்கிறான். எழுதத் தெரிஞ்சா நான் எதுக்கு அடி வாங்குதேன்?"

மறுநாள் நேராகச் சாவந்த் மேஜைக்குப் போனேன். "என் மச்சான் கடையை உடைச்சது உங்க ஆளுங்களா?"

அவன் பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான் கல்லெறியலை. எறிஞ்சவன் மேல எனக்குக் கோபமும் இல்லை."

அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். பியூன் வந்து நடுவில் நின்றான்.

"உன் தாளெல்லாம் பார்த்துட்டேன்," என்றான் சாவந்த். "எல்லாம் தெற்கிலிருந்து வந்த அலை. ஒரே திசையை வச்சு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மேற்கிலிருந்து ஒண்ணு வரட்டும். அப்புறம் உன்னைப் பொய்யன்னு சொல்றேன்."

5

மேற்கிலிருந்து வந்தது. டிசம்பரில், விடிவதற்கு முன், கட்டில் ஆடி விழித்துக்கொண்டோம். அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன. ஆயிஷா மகளை வாரிக்கொண்டு "யா அல்லாஹ்" என்று முற்றத்துக்கு ஓடினாள். நான் முதல் உதறலுக்கும் பின்னால் வந்த உலுக்கலுக்கும் உள்ள இடைவெளியை மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஓடினேன். தொழில் புத்தி. தொலைவில் இல்லை என்று தெரிந்தது.

அலுவலகத்தில் ஊசி தாளை விட்டே வெளியேறியிருந்தது. சஹ்யாத்திரி மலையில், கொய்னா அணைப் பக்கம் என்று செய்தி வந்தது. சாவந்த் எழுந்து நின்றான். அவன் கிராமம் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. லீவு எழுதிக் கொடுக்காமல், யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தான்.

திரும்பி வந்தபோது தலை மொட்டையாக இருந்தது.

"ஆயி கேலி," என்றான் பொதுவாக அறையைப் பார்த்து. அம்மா போய்விட்டாள். தூங்கிக்கொண்டிருந்தவள்மேல் கூரை விழுந்திருக்கிறது.

எனக்கு அவனைப் பிடிக்காது. என்றாலும் எழுந்து பக்கத்தில் போனேன். "ரொம்ப வருத்தமா இருக்கு சாவந்த்."

"உன் வருத்தம் எனக்கு வேண்டாம்." பிறகு, "தீவுலேர்ந்து அன்னைக்குத் தாள் வந்துச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் கப்பல் வரலை."

அன்றிலிருந்து அவன் என்னை 'மேலா' என்று கூப்பிடவில்லை. வேறு பெயராலும் கூப்பிடவில்லை.

தை பிறந்த பிறகுதான் கப்பல் வந்தது. சாவந்த் அன்றைய தாள்களை மட்டும் பிரித்து மேஜையில் பரப்பினான். நான் என் இடத்தில் உட்கார்ந்து வேறு எதையோ எழுதுவதுபோல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி கருவியாக, மெதுவாக அளந்துகொண்டு வந்தான். நடுவில் ஒருமுறை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தாளையே பார்த்தபடி இருந்தான். அது அவன் வீட்டுக் கூரையைத் தள்ளிவிட்டுக் கடல் தாண்டிப் போன அலை. கரித்தாளில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். விரலால் அதைத் தொடப் போய் நிறுத்திக்கொண்டான். தொட்டால் அழிந்துவிடும்.

சாயங்காலம் எழுந்து விசுவநாதன் அறைக்குப் போனான். வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நீயும் வா," என்றான்.

6

"பார்த்தேளா? கருவி கோளாறுதானே?" என்று ஆவலாகக் கேட்டார் விசுவநாதன்.

"கருவி சரி சாஹேப். மேற்கிலிருந்து வந்த அலையும் அதே இடத்துலதான் செத்துப்போகுது. சேறு சமவெளிக்கு அடியிலதான் இருக்கு."

"சாவந்த், யோசிச்சுப் பேசுங்கோ. இவருக்காகவா?"

"இவனுக்காகவா?" சாவந்த் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் துளி சிநேகம் இல்லை. "இவன் நாளைக்கே ரயிலேறணும்னு ரோட்டில நின்னு சொல்றவன் நான். நீங்களும்தான் ஏறணும். ஆனா இவன் அளந்தது சரி. எங்க அம்மா படுத்திருந்த நிலம் ஆடும்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை. அந்தத் தீவுல அப்படி ஒண்ணு நடந்து, ஆபத்தில்லைன்னு சொன்ன ரிப்போர்ட்டுல என் கையெழுத்து இருக்கக் கூடாது."

 அவர் கை மேஜைமேல் எதையோ தேடி, எதையும் எடுக்காமல் திரும்பியது. கடைசியில், "ரிப்போர்ட்டைக் குடுங்கோ, அனுப்பறேன்," என்றார். அனுப்பவும் செய்தார். தன் பெயரை முதலில் போட்டு, சேறு சமவெளிக்கடியில் இருக்கலாம் என்று தானே முன்பே ஊகித்ததுபோல் ஒரு பத்தியும் சேர்த்து அனுப்பினார். டில்லி குடியிருப்பை மேற்குச் சரிவுக்கு மாற்றியது. அவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

டெம்பரரியாக இருந்த எங்கள் இருவருக்கும் சேர்த்து நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. அதை மண்ணின் மக்களுக்கே தர வேண்டும் என்று ஆபீஸ் மராட்டியர்கள் மேலிடத்தில் மனு கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து சாவந்துடையது. வேலை சாவந்துக்கே போயிற்று. எனக்கு இன்னும் ஒரு வருஷம் டெம்பரரி.

நடைபாதையில் அவனை நிறுத்தினேன். "நன்றி சொல்லலாம்னு நினைச்சேன். அப்புறம் மனு விஷயம் தெரிஞ்சுது."

"நன்றி எதுக்கு? உனக்காக ஒண்ணும் செய்யலை."

"தெரியும். நானும் உன்னை மன்னிக்கலை."

"சரி," என்றான். ஏதோ கணக்குத் தீர்ந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போனான்.

7

கருவிகளைத் திரும்ப எடுத்து வர இந்த வருஷ மழை ஓய்ந்ததும் எங்கள் இருவரையுமே மறுபடி அனுப்பினார்கள். அதற்குள் அகதிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். மேற்குச் சரிவில் கல்லும் வேருமாகக் கிடந்த இடத்தில் குடிசைகள். தண்ணீருக்கு அங்கிருந்து ஓடைவரை இறங்கி ஏற வேண்டும். அவர்கள் பார்க்கும் தூரத்தில் கிழக்குச் சமவெளி பச்சைப்பசேலென்று சும்மா கிடந்தது.

நாங்கள் கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். இடுப்பில் குடத்தோடு ஏறி வந்த ஒரு பெண் எங்களைக் கண்டதும் நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வங்காளியில் ஆரம்பித்தாள். எங்கள் இருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. வசவு என்பது புரிந்தது.

"க்யா போல்தி ஹை?" என்று எங்களை ஏற்றி வந்த படகோட்டியிடம் கேட்டான் சாவந்த்.

படகோட்டி வங்காளி. சொல்லத் தயங்கினான். பிறகு இந்தியில் சொன்னான்: "நல்ல நிலத்தைக் காட்டிட்டுப் பிடுங்கிக்கிட்டீங்களாம். ஏற்கெனவே ஒரு ஊரை விட்டு ஓடி வந்தவங்களை மறுபடி மலையேற வச்சீங்களாம். உங்க ரெண்டு பேர் கையும் அழுகிப் போகணுமாம்."

அந்தச் சமவெளிக்கடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எடுத்துச் சொல்லும்படி படகோட்டியிடம் சொன்னேன். அவனும் சொன்னான். அவள் கிழக்கே கையை நீட்டி, அந்தப் புல்லைக் காட்டி, இன்னும் உரக்கத் திட்டினாள். பார்த்த கண்ணுக்கு அது நல்ல நிலம். நான் வேறு என்ன சொல்ல முடியும்?

வசவுக்கு நடுவே ஒரே ஒரு சொல் எங்களுக்குப் புரிந்தது. "பொம்பாய்வாலா," என்றாள். என்னையும் பார்த்து, அவனையும் பார்த்து, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை.

சாவந்த் என் பக்கம் திரும்பினான். இவன் இல்லை, நான் மட்டும்தான் பம்பாய்க்காரன் என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வசவில் எனக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று நினைத்திருப்பான்.

பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் தூக்கினான். மறுபக்கத்தை நான் தூக்கினேன். படகுத்துறைவரை அவள் எங்களைத் திட்டிக்கொண்டே கூட வந்தாள்.